தண்ணீர்ப் பக்கம் போகும் பயணத்துக்கு எந்தக் கேமரா?

கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ஜூம் என்பதைத்தான். கடல், ஆறு, அருவி, அடைமழை என்று தண்ணீரை ஒட்டியே நடக்கப்போகும் பயணத்துக்கு அந்தக் கேள்விகள் பிறகு வரட்டும். படகில் ஏறும் நேரத்திலும், அலை முழங்காலைத் தொடும் நேரத்திலும் அந்தக் கேமரா உங்கள் கையில் இருக்குமா, பைக்குள் போய்விடுமா என்பதை முதலில் யோசியுங்கள். பைக்குள் போய்விடும் என்றால் அதன் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்? பயணத்தின் மிக உயிரோட்டமான நேரம் படமே இல்லாமல் கழிந்துவிடுகிறது.

இந்தக் காரணத்துக்காகத்தான் நான் கச்சிதமான (காம்பாக்ட்) நீர்புகாக் கேமராவின் பக்கம் நிற்கிறேன். ஆனால் அது எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, உடலில் மாட்டிக்கொள்ளும் சிறிய ஆக்‌ஷன் கேமரா, நீர்புகாக் கூட்டுக்குள் வைத்த பெரிய கேமரா என்று அதற்குப் போட்டிகள் உண்டு. உங்கள் பயணத்தில் தண்ணீர் எந்த அளவுக்கு வரப்போகிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

கைபேசியே போதாதா?

பலருக்குப் போதும். நீர்புகாக் காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார் 1/2.3 அங்குல வகை; அதன் உண்மையான அளவு ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. மட்டுமே. இன்றைய உயர்விலைக் கைபேசிகளின் பிரதான கேமராவில் இருக்கும் சென்சார் இதைவிடப் பெரிது. போதாததற்கு, கைபேசி கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருளில் தெரியும் புள்ளிகளைத் துடைத்தும் விடுகிறது. அந்தி சாய்ந்த பிறகு தெருவில் எடுத்த படங்களையும், விளக்கு மங்கிய அறைக்குள் எடுத்த படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கைபேசிதான் முன்னே நிற்கும். இதைச் சொல்லாமல் ஒருவரை நீர்புகாக் கேமரா வாங்க வைப்பது நியாயமாகாது.

தண்ணீர் என்று வரும்போது கைபேசியின் கதை வேறு. விளம்பரத்தில் வரும் ஐபி68 என்ற குறியீட்டில் 6 என்பது தூசி புகாது என்பதையும், 8 என்பது தொடர்ந்து மூழ்கியிருந்தாலும் தாங்கும் என்பதையும் குறிக்கிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் அறிவிக்க வேண்டும். சாம்சங் தன் கேலக்ஸி எஸ் வரிசைக்குச் சொல்வது நன்னீரில் 1.5 மீட்டர், 30 நிமிடம். ஆப்பிள் ஐபோன் 12 வரிசையிலிருந்து 6 மீட்டர், 30 நிமிடம் என்கிறது. இவையெல்லாம் சோதனைக்கூடத்துக் கணக்குகள். அங்கே உப்பு இல்லை, குளோரின் இல்லை, மேலே வந்து மோதும் அலையும் இல்லை. நீரைத் தடுக்கும் தன்மை நிரந்தரமல்ல, நாளடைவில் குறையும் என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. தண்ணீரால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்காது, வேண்டுமென்றே நீரில் மூழ்கடிக்க வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை. ஆக, ஐபி68 என்பது கைதவறித் தண்ணீரில் விழுந்த கைபேசியைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. அதை நம்பிக் கடலில் நீந்தப் போகக் கூடாது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. பயணத்தில் கைபேசி வெறும் கேமரா மட்டுமல்ல. டிக்கெட், வரைபடம், தங்கும் இடத்தின் முகவரி, பணம் செலுத்தும் வழி, வீட்டாரின் தொலைபேசி எண்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு அலைக்கு அதைப் பறிகொடுத்தால் ஒரு படம் போவதோடு முடியாது, பயணமே நின்றுவிடும். தனியாக ஒரு கேமரா இருந்தால் போனது கேமரா என்பதோடு முடிந்துவிடும்.

கைபேசியைப் போட்டு மூடும் பிளாஸ்டிக் உறைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மழையில் நடக்கவும், படகில் தெறிக்கும் நீரிலிருந்து காக்கவும் அவை நன்றாகவே உதவுகின்றன. நீருக்குள் கொண்டுபோனால்தான் தொல்லை. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தத்தில் உறை திரையோடு ஒட்டிக்கொள்ள, தொடுதிரை தானாக ஏதேதோ செய்யும், அல்லது எதற்கும் அசையாது. ஒலியைக் கூட்டும் பொத்தானை ஷட்டராக வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். ஆனால் லென்ஸுக்கு முன்னால் உறை சுருங்கியிருந்தால் படம் முழுவதும் பால் படர்ந்ததுபோல் ஆகிவிடும். கரையில் நிற்பவருக்கு உறை போதும், நீருக்குள் இறங்குபவருக்கு உதவாது என்பதே என் முடிவு.

ஆக்‌ஷன் கேமரா

வீடியோதான் வேண்டும் என்பவர்கள் யோசிக்கவே தேவையில்லை, இதை எடுத்துக்கொள்ளலாம். 2016-இல் வந்த ஹீரோ5 பிளாக் முதல் கோப்ரோவின் பிரதான மாடல்கள் கூடு இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்குகின்றன. டிஜேஐயின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் வரை போகும். படகு குலுங்கினாலும் காட்சி குலுங்காது. தலையில், மார்பில், துடுப்பில் என்று எங்கு வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு இரு கைகளையும் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அலைச்சறுக்கு, ஆற்றில் ராஃப்டிங் போன்றவற்றில் இதற்கு ஈடே கிடையாது.

நிழற்படம் என்று வரும்போது இதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். ஒளியியல் ஜூம் இல்லை, ஃப்ளாஷ் இல்லை. பார்வைக் கோணம் மிக அகலம் என்பதால் ஐந்தடி தள்ளி நிற்கும் நண்பர் படத்தில் எங்கோ தொலைவில் நிற்பவர்போல் தெரிவார். பெரும்பாலானவற்றில் ஃபோகஸ் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பதால் மிக அருகில் கொண்டுபோனால் படம் மங்கிவிடும். மலைகளை, கடற்கரையின் விரிவை எடுக்கலாம். ஒரு முகத்தை, ஒரு சிப்பியை எடுக்க முடியாது. பயணத்திலிருந்து அச்சிட்டு மாட்டும்படி படங்கள் வேண்டும் என்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காம்பாக்டின் பலம் எங்கே இருக்கிறது

சாதாரணக் காம்பாக்ட் கேமராவை இயக்கினால் லென்ஸ் வெளியே நீளும். நீளும் இடத்தில்தான் தண்ணீரும் மணலும் உள்ளே நுழையும். நீர்புகாக் கேமராவில் லென்ஸ் நீள்வதே இல்லை. முன்பக்கக் கண்ணாடி வழியே வரும் ஒளியை ஒரு பட்டகம் செங்குத்தாகத் திருப்பிவிட, ஜூம் முழுவதும் உடலுக்குள்ளேயே மேலும் கீழுமாக நடக்கிறது. கைக்குள் அடங்கும் உடலில் இவ்வளவையும் மடக்கி வைக்க வேண்டியிருப்பதால்தான் சென்சார் சிறியதாக இருக்கிறது, படத்தின் ஓரங்களும் கொஞ்சம் மென்மையாக விழுகின்றன. இந்தக் கேமராவின் குறையும் நிறையும் இந்த ஒரே அமைப்பிலிருந்து பிறப்பவை.

இந்த வகையில் இன்று பெரும்பாலும் பேசப்படுவது டிஜி-7. முன்பு ஒலிம்பஸ் டஃப் என்று வந்துகொண்டிருந்த வரிசைதான் இது. ஒலிம்பஸின் கேமராத் தொழில் 2021 ஜனவரியில் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியபின் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. 2019-இன் டிஜி-6, 2023-இன் டிஜி-7 இரண்டும் 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், 100 கிலோ எடையின் அழுத்தம், உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக் குளிர் ஆகியவற்றைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். 12 மெகாபிக்சல், 25 முதல் 100 மி.மீ.க்கு இணையான ஜூம் (எண் கூடக்கூடக் காட்சி குறுகும்), அகலக் கோணத்தில் எஃப்/2.0 அளவுக்கு அகன்ற லென்ஸ் துளை. பின்னாளில் வண்ணத்தைத் திருத்த உதவும் ரா வடிவக் கோப்பும் உண்டு. தொடுதிரை கிடையாது, எல்லாமே பொத்தான்கள். நனைந்த விரலுக்கும் கையுறை போட்ட விரலுக்கும் அதுதான் தோது.

12 மெகாபிக்சல்தானா என்று முகம் சுளிக்க வேண்டாம். இவ்வளவு சிறிய சென்சாரில் எண்ணிக்கையைக் கூட்டினால் இருளில் தெரியும் புள்ளிகள்தான் கூடும். அகன்ற துளை தரும் கூடுதல் ஒளி, இருண்ட நீரில் மெகாபிக்சலைவிடப் பலமடங்கு உபயோகமானது.

ஆனால் நான் இந்தக் கேமராவை விரும்புவதற்குக் காரணம் இந்த எண்கள் அல்ல. நுண்படம் எடுக்கும் அதன் திறமைதான். கடல் உள்வாங்கிய நேரத்தில் பாறை இடுக்குகளில் தேங்கி நிற்கும் நீரைக் கவனித்திருப்பீர்கள். அதில் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய நண்டு ஒன்று ஒதுங்கியிருக்கும், கடற்சாமந்தி தன் உணர்கொம்புகளை விரித்து அசைத்துக்கொண்டிருக்கும். டிஜி-7-ஐ மைக்ரோஸ்கோப் முறையில் வைத்து நேராக அந்த நீருக்குள் அமிழ்த்தலாம். லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவு வரை அது ஃபோகஸ் செய்யும். நண்டின் கண்காம்பும், ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும் மணல்துகளும் தனித்தனியாகத் தெரியும். அவ்வளவு அருகில் போகும்போது கேமராவின் நிழலே நண்டின்மேல் விழுந்துவிடும் என்பது ஒரு சிக்கல். அதற்கென்றே லென்ஸைச் சுற்றி மாட்டும் ஒளி வளையம் தனியாகக் கிடைக்கிறது. உடலில் இருக்கும் சிறு எல்இடி விளக்கின் ஒளியை அது நாலாபக்கமும் பரப்பித் தருகிறது. இன்னும் சில நிறுவனங்களின் மாடல்களில் இந்த விளக்குகளை லென்ஸைச் சுற்றியே பொருத்திவிடுகிறார்கள். ரீகோவின் டபிள்யூஜி-6 அப்படிப்பட்டது. மேலிருந்து நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தாண்டி எடுத்த படமும், நீருக்குள் இருந்தபடியே எடுத்த படமும் ஒன்றாகிவிடாது. இந்த வேலையில் கைபேசியும் ஆக்‌ஷன் கேமராவும் கிட்டே வர முடியாது.

மூச்சுக்குழாயோடு நீர்ப்பரப்பில் நீந்தி ஸ்நார்க்கெல் செய்பவர்களுக்கும் இதுவே என் தேர்வு. ஆனால் நீருக்குள் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் இறங்கினால் எந்தக் கேமராவும் ஏமாற்றத்தான் செய்யும். தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. 5 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடுவதால் எல்லாம் நீலமும் பச்சையுமாகத் தெரியும். மேற்பரப்பிலிருந்து மீன் வரையுள்ள தூரம் மட்டும் கணக்கல்ல, மீனிலிருந்து உங்கள் லென்ஸ் வரையுள்ள தூரமும் அதில் சேரும். அதனால் தள்ளி நின்று ஜூம் செய்வதை மறந்துவிட்டு, ஜூமை முழுவதும் பின்னுக்கு இழுத்துவைத்துக் கைநீட்டும் தூரத்துக்கு நீந்திப் போங்கள். தட்டையான கண்ணாடி வழியே பார்க்கும்போது நீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் பொருள்கள் முக்கால் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும், 25 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 33 மி.மீ. லென்ஸைப்போல் குறுகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆளை எடுக்கும்போது சற்றுப் பின்வாங்குங்கள்.

உள்ளமைந்த ஃப்ளாஷை நீருக்கடியில் அணைத்துவைப்பதே நல்லது. அது லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் நீரில் மிதக்கும் துகள்களில் பட்டு நேராகத் திரும்பி வந்து, படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளாக விழும். ஒரு முழத்துக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும் பயன்படுத்திப் பார்க்கலாம். மற்றபடி நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும், சூரியன் உச்சியில் இருக்கும்போது இறங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மற்ற மாடல்கள்

இந்தச் சந்தை முன்போல் இல்லை. நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 (2017) 30 மீட்டரும், பானசோனிக் லூமிக்ஸ் எஃப்டி7 (2018) 31 மீட்டரும், ஃபூஜிஃபில்ம் எக்ஸ்பி140 (2019) 25 மீட்டரும் தாங்குபவை. ஆழத்தில் மூன்றும் டிஜி-7-ஐ மிஞ்சுகின்றன. எஃப்டி7-இல் கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வியூஃபைண்டரும் உண்டு. வெயிலில் திரை தெரியாமல் தவிப்பவர்களுக்கு அது ஒரு வரம். ஆனால் இந்த மூன்றிலும் ரா கோப்பு கிடையாது, லென்ஸின் துளையும் சிறிது. இவை எதற்கும் அந்தந்த நிறுவனம் அடுத்த தலைமுறை மாடலைக் கொண்டுவரவில்லை. சோனியின் ஆர்எக்ஸ்0 II என்ற தீப்பெட்டி அளவுக் கேமராவில் ஒரு அங்குல வகைச் சென்சார் இருக்கிறது. கேட்க ஆசையாக இருந்தாலும் ஜூம் கிடையாது, 20 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது, 10 மீட்டர்தான் எல்லை.

காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆழத்தில் ஸ்கூபா செய்யப் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். ஸ்கூபா பயிற்சி தரும் பேடி அமைப்பின் தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கிறது. அடுத்த நிலையில் 30 மீட்டர். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆக, 15 மீட்டர் தாங்கும் கேமராவை வெறுமையாக எடுத்துக்கொண்டு பயிற்றுநரோடு இறங்கினால் முதல் சில முறைகளிலேயே எல்லை தாண்டிவிடும். டிஜி-6, டிஜி-7 இரண்டுக்கும் பொருந்தும் கூடு 45 மீட்டர் வரை தாங்குகிறது. கூட்டுக்குள் நீர் புகுந்தாலும் உள்ளே இருக்கும் கேமரா தானே நீரைத் தாங்கும் என்பது ஒரு பெரிய நிம்மதி. சாதாரணக் கேமராவைக் கூட்டுக்குள் வைப்பவர்களுக்கு அந்த இரண்டாவது அரண் இல்லை. மூடியே இல்லாமல் முழுவதும் மூடப்பட்ட சீலைஃப் மைக்ரோ 3.0 என்ற கேமராவும் இருக்கிறது. 60 மீட்டர் போகும். ஆழ்கடலுக்கு மட்டும் என்றால் அதைப் பார்க்கலாம், கரைக்கு வந்தபின் அதற்கு வேலை குறைவு.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவைக் கூட்டோடு சுமப்பது படத் தரத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆனால் அதன் எடையும் விளக்குகளும் அவற்றைத் தாங்கும் கம்பிகளும் சேர்ந்து ஒரு தனிப் பெட்டி ஆகிவிடும். நீருக்கடிப் படம் எடுப்பதற்காகவே பயணம் போகிறவர்களுக்கு அது. குடும்பத்தோடு போகிற பயணத்தில் அந்தப் பெட்டி மற்ற எல்லோரையும் காக்கவைக்கும்.

என்னைக் கேட்டால், பயணத்தில் ஒரு பிற்பகல் மட்டும்தான் தண்ணீர் என்றால் கேமரா வாங்க வேண்டாம். கைபேசியும் உறையும் போதும், கரையோடு நின்றுகொள்ளுங்கள். நாள்தோறும் நனையப்போகிறீர்கள், பிள்ளைகளும் கேமராவைக் கையில் எடுப்பார்கள், ஆறும் பனியும் மணலும் வழியில் வரும் என்றால் காம்பாக்டை வாங்குங்கள், கைபேசியை இரவுக்கும் அறைக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. ஒன்றை வைத்து மற்றொன்றை ஒழிக்க நினைப்பதால்தான் பலரும் ஏமாற்றம் அடைகிறார்கள்.

வாங்கியபின்

நீர்புகாக் கேமராவுக்குள் தண்ணீர் புகுந்தது என்று கேள்விப்பட்டால் என் சந்தேகம் முதலில் போவது மூடியின் மேல்தான். பேட்டரியும் கார்டும் இருக்கும் மூடியைத் திறந்தால் விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று ஓடும். தண்ணீரை வெளியே நிறுத்துவது அது மட்டுமே. அதன்மேல் ஒற்றைத் தலைமுடி குறுக்கே கிடந்தாலும், ஒரு மணல்துகள் ஒட்டியிருந்தாலும் வளையம் முழுவதுமாகப் படியாது. படியாத அந்த இழை அளவு இடைவெளி போதும், நீரின் அழுத்தம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதனால் கடற்கரையில் மூடியைத் திறக்கவே கூடாது. முந்தின இரவே அறைக்குள், உலர்ந்த கையோடு பேட்டரியை மாற்றி, கார்டைச் சரிபார்த்து, பஞ்சு உதிராத துணியால் வளையத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து மூடிவிட வேண்டும். ஈரக் காற்றில் மூடினால் இன்னொரு தொல்லை வரும். வெயிலில் சூடான கேமரா குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே சிக்கிய ஈரம் லென்ஸின் பின்புறம் பனியாகப் படியும். டிஜி வரிசையில் முன்கண்ணாடி இரட்டை அடுக்காக இருப்பது இதைக் குறைப்பதற்காகத்தான்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் கேமராவைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தானின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்ச வேண்டாம். அமைதியாக மூழ்குவதைத் தாங்குவதும் பாய்ந்துவரும் நீரைத் தாங்குவதும் வெவ்வேறு சோதனைகள். அருவிக்கு நேர் கீழே நீட்டுவதற்கும், கேமராவோடு உயரத்திலிருந்து குதிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வெந்நீர் ஊற்றிலும் நீராவி அறையிலும் கொண்டுபோகவே கூடாது.

250 கிராம் எடையுள்ள டிஜி-7 மிதக்காது. மணிக்கட்டில் மாட்டும் மிதவைப் பட்டை ஒன்றைக் கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், கண்ணைப் பறிக்கும் மஞ்சளோ ஆரஞ்சோ. கலங்கிய நீரில் கறுப்புக் கேமரா நழுவினால் அடுத்த நொடியே கண்ணுக்குத் தெரியாது. விமானத்தில் போகிறவர்கள் உபரி பேட்டரியைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் பேட்டரிகளுக்கு எல்லா விமானங்களிலும் அதுதான் விதி.

பழைய டபிள்யூ300-ஐயோ எஃப்டி7-ஐயோ ஒருவர் கைமாற்றித் தருவதாகச் சொன்னால் ஆழத்தின் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த 30 மீட்டர் புதுக் கேமராவுக்குச் சொன்னது. ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இறுகும், வெடிக்கும். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை வளையத்தை மாற்றச் சொல்கிறார்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள், எங்காவது கீழே விழுந்ததா, அந்த மாடலுக்கு இன்னும் பழுதுபார்ப்பு நிலையத்தில் வளையம் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அதை மழையையும் தூசியையும் தாங்கும் கேமராவாக மட்டும் நினைத்து விலை பேசுங்கள்.